பத்து முதல் நாலு வரை

எங்கள் தெருவுக்கு ஸ்மார்ட் மீட்டர் வருகிறது என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கத்திக்கொண்டு போன அன்று, தெருவே கட்டணத்தை நினைத்துப் பயந்தது. நான் வேறொன்றை நினைத்துப் பயந்தேன். அதை வெளியே சொல்ல வழியில்லை. அதனால் நானும் கட்டணத்துக்கே பயந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பகவந்தி அண்ணியோடு சேர்ந்து மின்சாரக்காரர்களைத் திட்டினேன்.

பீகாரில் இந்தச் சீவானில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில். என் மகள் ஜூஹியின் அப்பா தோஹாவில் எலக்ட்ரீஷியன். வீட்டு மின் இணைப்பு அவர் பெயரில், அவர் கைபேசி எண்ணில் இருக்கிறது. புது மீட்டருக்கு முன்பணம் கட்டினால்தான் விளக்கு எரியும், கட்டப்போவது அவர். கட்டுகிறவர் கைபேசியிலேயே, வீட்டில் எந்த மணிக்கு எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று கோடு போட்டுக் காட்டும். மற்ற வீட்டுப் புருஷன்களுக்கு அது வெறும் கோடு. இந்த மனிதருக்கோ ஃபேன் எது, இஸ்திரிப்பெட்டி எது, தண்ணீர் மோட்டார் எது என்று கோட்டைப் பார்த்தே சொல்லத் தெரியும்.

காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை எங்கள் வீட்டில் ஒன்றும் ஓடாது. ஏனென்றால் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. ஜூஹி பள்ளிக்கூடத்தில் இருப்பாள். நான் ஸ்டேஷன் பக்கம், கடலை வறுத்து அரைக்கிற சத்துமாவு மில்லில் பாக்கெட் போட்டுக்கொண்டிருப்பேன். அது அவருக்குத் தெரியாது.

வேலைக்குப் போவது கொலைக்குற்றமா என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தில் ஏறக்குறைய அப்படித்தான். என்னையும் ஜூஹியையும் டவுன் வீட்டில் தனியாக வைக்க அவர் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு புகார் வந்தாலும் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கிராமத்துக்குப் போய்விட வேண்டும். அந்தக் கிராமத்து வீட்டில் நான் ஆறு வருஷம் இருந்தேன். அங்கே என் இடது மணிக்கட்டு எப்படி முறிந்தது என்று யாரும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகவில்லை. அது கோணலாகவே கூடிக்கொண்டது. அங்கே பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஜூஹி ஒன்பதாவது படிக்கிறாள். அந்த அண்ணன், அவள் பெரியப்பா ராம்பிரவேஷ், ஏற்கெனவே ஒரு வீட்டில் அவள் கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்து வைத்திருந்தார். அங்கே போனால் என் கை போனதுபோல அவள் வாழ்க்கையும் கோணலாகக் கூடிவிடும்.

பிறகு எதற்கடி இந்த வேலை என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், பணத்துக்காக இல்லை. அவர் அனுப்புகிறார். மில்லில் பாக்கெட் போடுகிற என் சிநேகிதி தேத்ரி காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்குப் பதிலாக இரண்டு வாரம் போனேன். வீட்டில் நான் ஜூஹியின் அம்மா, கிராமத்தில் சின்ன மருமகள். மில்லில்தான் பதினான்கு வருஷத்துக்குப் பிறகு என்னை யாரோ ரஞ்சு என்று கூப்பிட்டார்கள். தேத்ரிக்குக் காய்ச்சல் தீர்ந்தது, நான் நிற்கவில்லை.

தெருவுக்கு ஒரு பொய், தோஹாவுக்கு ஒரு பொய். அவரே போகச் சொன்னார் என்று தெருவில் சொல்லியிருந்தேன். பகலில் அவர் கையில் கைபேசி இருக்காது, சாயங்காலம்தான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, எந்த நேரமும் கூப்பிடலாம். அதனால் மில் முதலாளி சாவ்ஜியிடம் மூன்றாவது பொய்: வெள்ளிக்கிழமை எனக்குச் சந்தோஷி மாதா விரதம், வீட்டை விட்டு நகரக் கூடாது. சாவ்ஜி பக்திமான். ஒரு வார்த்தை சொல்லாமல் விடுப்புக் கொடுத்தார், அதோடு மாதாவுக்கு என்று அரைக்கிலோ வெல்லமும் கொடுத்தார். அந்த வெல்லத்தைத் தின்னும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

மீட்டர் வைக்கிறவர்கள் முதல் தடவை வந்தபோது தெருவே மறித்தது. நானும் விளக்குமாற்றோடு முன்வரிசையில் நின்றேன். வாய் திறக்காத ஜூஹி அம்மாவா இது என்று பகவந்தி அண்ணி ஆச்சரியப்பட்டாள். இரண்டாவது தடவையும் திருப்பி அனுப்பினோம். மூன்றாவது தடவை இன்ஜினியரே வந்து, மீட்டர் வைக்காத வீட்டுக்கு இணைப்பே இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு வீரமெல்லாம் வடிந்தது. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. கடைசியில் என் வீடு மட்டும் மிச்சம். மின்கம்பத்தில் கொக்கி மாட்டித் திருட்டுக் கரண்ட் எடுக்கிறவர்கள்தான் மீட்டருக்குப் பயப்படுவார்கள் என்று மாவுக்கடைக்காரன் என் காதில் விழும்படியே சொன்னான். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். திருடி என்ற பெயர் எனக்கு அப்போது சௌகரியமாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டார். மீட்டர் வைக்கவில்லை என்று அவர் கைபேசிக்கே செய்தி போயிருந்தது.

"நம்ம வீட்ல மட்டும் ஏன் வைக்கல? அப்படி எதைத்தான் மறைக்கிற?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதை. கத்தவும் முடியாது, அடக்கவும் முடியாது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அந்நிய ஆட்களை எப்படி உள்ளே விடுவது என்று ஏதோ முனகினேன். அவர் தங்கியிருக்கிற தொழிலாளர் கேம்ப் கதைகளைச் சொன்னார். சாப்பாடு ஆனதும் எல்லோரும் கட்டிலில் உட்கார்ந்து ஒருத்தர் வீட்டுக் கோட்டை இன்னொருத்தர் பார்ப்பார்களாம். ஒருத்தன் வீட்டில் மோட்டார் மூன்று மணிநேரம் ஓடியதாம், அவன் பெண்டாட்டி குழாயை மூடாமல் தூங்கிவிட்டாளாம். சினிமாவைவிட நன்றாக இருக்கிறது என்றார்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். வை என்றால் வீடே அவரிடம் சொல்லிவிடும். வேலையை விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். நினைத்ததுமே அழுகை வந்தது, ஆகவே அந்த வழியும் அடைத்துக்கொண்டது. மறுநாள் பாக்கெட் ஒட்டிக்கொண்டே தேத்ரியிடம் சொன்னேன். அவள் புருஷன் லூதியானாவில் இருக்கிறான், அவர்கள் வீட்டில் மீட்டர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மத்தியானம் ரெண்டு மணிக்கு என்னடி ஓடியது என்று அவன் கேட்டதற்கு, உங்க அம்மாவுக்கு முழங்காலில் இஸ்திரி போட்டேன் என்று சொன்னவள் அவள்.

"அடியே, வீட்ட விட்டுட்டு வா. ஆனா நீ உள்ள உக்காந்திருக்கிற மாதிரி விட்டுட்டு வா," என்றாள் தேத்ரி. "ஃபேனப் போடு, டிவியப் போடு, பூட்டிட்டு வா. கோட்டுக்கு மூஞ்சியா இருக்கு, நீயா இல்லையான்னு பாக்க?"

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடி நிறையக் கனம், அதோடுதான் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாளே நானாக ஆளைக் கூப்பிட்டு மீட்டரை வைக்கச் சொன்னேன். வைத்தவன் சீல் போட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "இனிமே கவலையே இல்லக்கா, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்," என்றான்.

அதன் பிறகு நாலு மாதம். பூட்டுவதற்கு முன் எல்லோரும் ஃபேனை நிறுத்துவார்கள், நான் போடுவேன். டிவியைச் சின்னச் சத்தத்தில் வைப்பேன். மில்லில் உட்கார்ந்திருக்கும்போது வீடு தீப்பிடித்து எரிவதுபோல நினைப்பு வரும். கரண்ட் போனால் ஊரே சபிக்கும், நான் மட்டும் கும்பிடுவேன். மத்தியானம் முழுக்க டிவிதானா என்று அவர் கேட்டால் ஆமாம் என்பேன். என்ன பார்த்தாய் என்று கேட்டுவிட்டால் செத்தேன். அதனால் தினமும் வரும் வழியில் பகவந்தி அண்ணியிடம் அன்றைய சீரியல் கதையைக் கேட்டுக்கொள்வேன். எந்த மருமகள் எந்த மாமியாருக்கு விஷம் வைத்தாள் என்று பாடம்போல ஒப்பிப்பேன். ஜூஹிக்கு எல்லாம் தெரியும். அம்மா பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று அவள் கேலி செய்வாள்.

கார்த்திகையில் சூரியனைக் கும்பிடுகிற சட் பூஜை வந்தது. மில் நாலு நாள் மூடல். நான் ஆறாவது வருஷமாக விரதம் இருந்தேன். முதல் நாள் ராத்திரி சாப்பிட்டதோடு சரி, அப்புறம் ஒன்றரை நாளுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மாலைச் சூரியனுக்கு நீர் கொடுக்கிற நேரத்தில் சீவானில் ஒரு வீட்டில்கூட ஆள் இருக்காது. நோயாளியைக்கூட நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவோம். பழக்கூடையைத் தலையில் வைத்துப் பகவந்தி அண்ணியின் புருஷன் முன்னால் நடந்தார். நான் மூக்கு நுனியிலிருந்து வகிடு வரை ஆரஞ்சுச் சிந்தூரத்தோடு, படையல் வைத்த முறத்தை ஏந்தி, கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனேன். ஊரை ஒட்டி ஓடும் தாஹா ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். ஜூஹி கரையிலிருந்து அவள் அப்பாவுக்கு வீடியோவில் காட்டினாள். அவர் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். கேம்ப் முழுக்க ஒரு கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து எங்களைக் கும்பிட்டது.

திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் கை அப்படியே நின்றது. டிவி. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நாலு மாதமாகப் பூட்டுக்கு முன் செய்ததை, சட் பூஜை அன்றும் என் கை தானாகச் செய்திருக்கிறது. ஜூஹி ஓடிப்போய் இரண்டையும் நிறுத்தினாள். நிறுத்தி என்ன, கோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கேலி செய்யவில்லை. பத்து நிமிஷத்தில் கைபேசி அடித்தது.

"வீட்ல யாரு இருக்கா?"

"நானும் ஜூஹியும்தான்."

"நீங்க ரெண்டு பேரும் ஆத்தங்கரையில இருந்தீங்க. என் கண்ணால பாத்தேன். நாலுலேர்ந்து ஆறரை வரைக்கும் நம்ம வீட்ல யாரு இருந்தா?"

நிறுத்த மறந்துவிட்டேன் என்றேன். குளிர் விழுகிற சாயங்காலத்தில் யாருக்கடி ஃபேன் போட்டாய் என்றார். அவர் முதலில் பார்க்கவில்லை, பக்கத்துக் கட்டில்காரன்தான் பார்த்திருக்கிறான். ஊரே ஆற்றில் நிற்க உன் வீட்டில் எவன்டா டிவி பார்க்கிறான் என்று அத்தனை பேர் நடுவில் கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கோபத்தைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். விடிகாலைல ஆத்தங்கரைக்கே வர்றாரு. நீ உங்க அப்பன் வீட்டுக்குப் போ. பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டும்."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். வேலை தெரிந்தால் ஜூஹியோடு கிராமத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்றுதானே இத்தனை நாள் பயந்தேன். இப்போது ஜூஹியே எனக்கு இல்லை என்கிறார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மில், பாக்கெட், தேத்ரி, பூட்டிய வீட்டில் தனியாகச் சுற்றிய ஃபேன், எல்லாம்.

அவர் நம்பவில்லை. ஆளை மறைக்க வேலையைக் காட்டுகிறாய் என்றார். பதினாலு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறைத்த ஒன்றை, தயவுசெய்து நம்புங்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. சாவ்ஜியைக் கேளுங்கள் என்றேன். உனக்காகப் பேச இன்னொரு ஆம்பிளையா என்று சீறினார். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"என்னக் கேக்காதீங்க. அந்தக் கோட்டப் பாருங்க. மீட்டர் வச்ச நாள்லேர்ந்து பாருங்க. பத்து மணிக்கு ஏறும், நாலு மணிக்கு எறங்கும். நடுவுல ஒரு மனுஷன் இருந்தா ஒரு லைட்டு போட மாட்டானா? ஒரு டீ சூடு பண்ண மாட்டானா? ஆள் இருக்கிற வீட்ல கோடு அப்படி நேரா ஓடுமா? உங்களுக்குத் தெரியாததா?"

தேதிகளை முணுமுணுத்தபடி கோட்டை நாள் நாளாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூஹி என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"வெள்ளியும் ஞாயிறும் மட்டும் வேற மாதிரி இருக்கு," என்றார்.

"வெள்ளிக்கிழமை நான் வீட்ல இருப்பேன். ஞாயித்துக்கிழமை ஜூஹி இருப்பா."

இன்னும் சில வாரங்களைத் தள்ளிப் பார்த்தார். பிறகு, "ஆள் இல்ல," என்றார். யாரோ பக்கத்தில் இருப்பவனுக்குச் சொன்னதுபோலவும் இருந்தது. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது வடிந்து முடிவதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"கூலிக்குப் போயிருக்க. பதினாலு மாசம் என்ன முட்டாளாக்கியிருக்க. காலைல சாவிய அண்ணன்கிட்ட குடு. ரெண்டு பேரும் கிராமத்துக்குக் கெளம்புங்க."

விடியலில் ஆறு ஐஸாக இருந்தது. முறத்தை ஏந்திக் கிழக்கே பார்த்து நின்றேன். வழக்கமாகக் கேட்கிற எதையும் சூரியனிடம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதமாக வா என்றுதான் கேட்டேன். சூரியன் நேரத்துக்கே வந்தார். நீர் கொடுத்து முடித்துத் திரும்பினால், கரையில் பொலேரோ பக்கத்தில் ராம்பிரவேஷ் நின்றிருந்தார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, கணவனின் அண்ணன் தன் தம்பி பெண்டாட்டியைத் தொடக் கூடாது. அவள் முந்தானை காற்றில் அவர்மேல் பட்டால்கூட இருவரும் குளிக்க வேண்டும். அவளும் அவரோடு நேராகப் பேசக் கூடாது. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகிறது, அவரைக் கூப்பிட எனக்கு ஒரு முறைச்சொல்கூட இல்லை. ஆனால் அன்று காலை விரதக்காரியின் முன்னால் யாராக இருந்தாலும் குனிய வேண்டும். அவரும் தண்ணீர் ஓரத்தில் எனக்கு எதிரே மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துண்டை விரித்துப் பிடித்தார். எட்ட நின்று ஒரு தேக்குவாவைத் துண்டில் போட்டேன், வெல்லமும் கோதுமையும் போட்டு நானே பொரித்தது. அவர் அதை முடிந்துகொண்டார்.

பிறகு ஜூஹியைப் பார்த்து, "உங்க அம்மாகிட்ட சாவிய வாங்கும்மா," என்றார்.

ஜூஹி என்னைப் பார்த்தாள். வாங்கவில்லை. சாவி என் இடுப்பில், ஈரப் புடவைக்குள் செருகியிருந்தது.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும்," என்றேன்.

அவரைப் பார்த்தே சொன்னேன். சுற்றி இருந்த பெண்கள் முறத்தைக் கழுவுவதை நிறுத்தினார்கள். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "இவளுக்குத் திங்கக்கிழமை பரீட்சை. எனக்கு வேலை இருக்கு. நாங்க வரல."

அவர் முகம் கறுத்தது. விரதக்காரியைத் திட்டினால் குடும்பத்துக்கே ஆகாது என்பதால் வாயை இறுக்கிக்கொண்டார். "மெதுவா வரட்டும். நான் இங்கதான் இருக்கேன்," என்று ஜூஹியிடமே சொல்லிவிட்டு, படித்துறையின் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் கலையத் தொடங்கியது. பகவந்தி அண்ணி ஒரு படி ஏறினாள், திரும்பிப் பார்த்தாள், புருஷன் கூப்பிட்டதும் போய்விட்டாள். கூடைகள் ஒவ்வொன்றாகப் போயின. தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் நான் விரதக்காரி. ஏறினால் வெறும் தம்பி பெண்டாட்டி. கால் மரத்துப்போயிற்று. இந்த மனிதர் வீட்டு முற்றத்தில்தான் என் கை முறிந்தது.

அப்போதும் இந்த மனிதர் அடிக்கவில்லை, அடித்தது மாமியார். இவர் தொட முடியாது. அந்த நினைப்பு வந்ததும் முறத்தை ஜூஹியிடம் கொடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி, அவரை நோக்கி நேராக நடந்தேன். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூன்றடி. இரண்டடி. நான் ஒதுங்குவேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஒதுங்கவில்லை.

வழக்கப்படி அவர்தான் விலகினார்.

ஜூஹியை இழுத்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பினேன். பின்னால் பொலேரோவின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது, வண்டி உறுமியது. அது ஊருக்குப் போகிறதா, எங்கள் பின்னால் வருகிறதா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன்.